சோறு போட்டோம், படிக்க வைத்தோம், குடிவைக்க மறந்தோம்

1937 அக்டோபர் 1-ஆம் தேதி சேலம் மாவட்டத்தில் கள்ளுக்கடைகளும் சாராயக்கடைகளும் மூடப்பட்டன. சென்னை மாகாணத்தின் பிரதமராக இருந்த ராஜாஜி, மதுவிலக்கைத் தன் சொந்த மாவட்டத்தில் தொடங்கினார். அன்றைய மாகாண அரசுக்குக் கலால் வரிதான் பெரிய வருமானங்களில் ஒன்று. கடையை மூடினால் கஜானாவில் விழும் ஓட்டையை எதைக்கொண்டு அடைப்பது என்று எதிர்க்கட்சியும் கேட்டது, அதிகாரிகளும் கேட்டார்கள். 1939-இல் வந்த சென்னைப் பொது விற்பனை வரிச் சட்டம் அதற்கான பதில். ஏதோ ஒரு சரக்குக்கு மட்டும் என்றில்லாமல், பொதுவாக எல்லா விற்பனைக்கும் வரி என்பது இந்தியாவிலேயே முதன்முறையாக இங்கேதான் வந்தது. வணிகர்கள் கொதித்தார்கள். ஆனால் சில ஆண்டுகளுக்குள் மற்ற மாகாணங்களும் இதே வழிக்கு வந்தன. அடுத்த எழுபது ஆண்டுகளுக்கு மேலாக இந்திய மாநிலங்களின் முதுகெலும்பாக நின்றது அந்த வரி.

இன்றும் டாஸ்மாக் கடைகளை மூடச் சொல்லும் குரல் எழும்போதெல்லாம் அதே கேள்வி திரும்ப வருகிறது. 2003 இறுதியில் மது சில்லறை விற்பனையையும் அரசு நிறுவனமான டாஸ்மாக்கே எடுத்துக்கொண்டது. 2023-24-இல் ஆயத்தீர்வை, மதிப்புக்கூட்டு வரி இரண்டும் சேர்ந்து அந்தக் கடைகள் வழியாக அரசுக்கு வந்தது 45 ஆயிரம் கோடி ரூபாய்க்கு மேல். அதை விட்டுவிட்டு வேறு எதில் ஈடுகட்டுவது என்று கேட்டால், 1939-இல் சொல்ல முடிந்த பதிலை இன்று எந்த முதலமைச்சராலும் சொல்ல முடியாது. புதிதாக ஒரு வரியை யோசித்து, சட்டமன்றத்தில் நிறைவேற்றி, அடுத்த மாதமே வசூலிக்கும் அதிகாரம் மாநிலத்திடம் ஏறக்குறைய இல்லாமல் போய்விட்டது. மது, பெட்ரோல்-டீசல், பத்திரப்பதிவு, வாகன வரி என்று எஞ்சியிருப்பவற்றை விரலில் எண்ணிவிடலாம்.

தமிழ்நாட்டின் அன்றையும் இன்றையும் ஒப்பிட்டுப் பேசும்போது மதிய உணவிலிருந்து தொடங்குவதுதான் வழக்கம். நான் வரியிலிருந்து தொடங்கக் காரணம் உண்டு. பள்ளி, வீடு, தொழிற்சாலை என்ற மூன்றும் எப்படி மாறின என்பது, அவற்றுக்கான பணம் எங்கிருந்து வந்தது, யார் கையில் இருந்தது என்பதோடு பின்னிக் கிடக்கிறது.

காமராஜர் 1954-இல் முதலமைச்சரானபோது சி. சுப்பிரமணியத்திடம் நிதித் துறையையும் கல்வித் துறையையும் சேர்த்துக் கொடுத்தார். காசு கேட்பவரும் காசு கொடுப்பவரும் ஒரே ஆள். 1957-க்குப் பிறகு ஆர். வெங்கட்ராமனிடம் தொழில், தொழிலாளர் நலன், மின்சாரம், வணிகவரி எல்லாம் இருந்தன. ஒரு தொழிற்சாலைக்கு இடமும் மின்சாரமும் தருபவரே அது கட்டும் வரியையும், அதில் வேலை செய்பவரின் கூலியையும் கவனிக்க வேண்டியிருந்தது. மந்திரி சபை சிறியது என்பதால் அமைந்த ஏற்பாடாகவும் இருக்கலாம். ஆனால் அதற்கு ஒரு பலன் இருந்தது. பள்ளிக்கூடத்தைத் திறந்தால் நாளைக்குத் தொழிற்சாலைக்கு ஆள் கிடைக்கும், தொழிற்சாலை வந்தால் வரி வரும், வரி வந்தால் இன்னொரு பள்ளிக்கூடம் திறக்கலாம் என்ற கணக்கு ஒரே அறைக்குள் போடப்பட்டது.

அந்தக் கணக்கில் முதலில் போட்ட தொகை பள்ளிக்குத்தான். 1953-இல் ராஜாஜி கொண்டுவந்த அரைநாள் பள்ளித் திட்டத்தை, குலக்கல்வி என்று தமிழ்நாடே எதிர்த்துத் தள்ளியதை, காமராஜர் வந்ததும் கைவிட்டார். மூடிய பள்ளிகள் திறந்தன. முந்நூறு பேர் வாழும் ஊருக்கு ஒரு தொடக்கப்பள்ளி என்று அளவு வைத்துக்கொண்டு ஆயிரக்கணக்கில் புதியவை எழுந்தன. 1956-இல் எட்டயபுரத்தில் மதிய உணவு தொடங்கியபோது செலவில் ஒரு பங்கை அரசும் இன்னொரு பங்கை ஊரும் ஏற்றுக்கொண்டன. பொதுக்கல்வி இயக்குநராக இருந்த நெ.து. சுந்தரவடிவேலு ஊர் ஊராகப் பள்ளிச் சீரமைப்பு மாநாடுகள் நடத்தினார். 1958-இல் திருவள்ளூர் பக்கம் கடம்பத்தூரில் தொடங்கிய அந்த மாநாடுகளில் ஒருவர் நிலம் எழுதிக்கொடுப்பார், இன்னொருவர் பெஞ்சு செய்து தருவார், பெரிதாகக் கொடுக்க வசதியில்லாதவர் கரும்பலகை வாங்கித் தருவார். அரசின் வரி சிறியதுதான், ஆனால் அது போய்ச் சேர்ந்த இடத்தில் மக்களும் தங்கள் கையிலிருந்து போட்டார்கள். அது இன்னொரு வகை வரி என்றே எனக்குத் தோன்றுகிறது, யாரும் விதிக்காமல் கொடுத்த வரி.

எம்.ஜி.ஆர். 1982-இல் அதைச் சத்துணவாக விரித்தார். பிறகு முட்டை வந்தது. 2022 செப்டம்பர் 15 அன்று மதுரையில் காலை உணவுத் திட்டம் தொடங்கியது, அடுத்த ஆண்டு எல்லா அரசுத் தொடக்கப்பள்ளிகளுக்கும் பரவியது. அரசுப் பள்ளியில் படித்து உயர்கல்விக்குப் போகும் பெண்ணுக்கு மாதம் 1,000 ரூபாய் தரும் புதுமைப்பெண் திட்டமும், 2024-இல் மாணவர்களுக்கான தமிழ்ப் புதல்வனும் அதே வரிசையில் வந்தவை. கட்சி மாறியது, பெயர் மாறியது, பள்ளிப் பிள்ளையின் தட்டில் கை வைக்க மட்டும் எந்த ஆட்சிக்கும் மனம் வரவில்லை. 2021-22 கணக்கில் தமிழ்நாட்டின் உயர்கல்விச் சேர்க்கை விகிதம் 47 சதவீதம், நாட்டின் சராசரி 28.4. அந்த இடைவெளி ஒரே நாளில் வந்துவிடவில்லை. எட்டயபுரத்தில் சாப்பிட்ட பிள்ளையின் பேத்தி கல்லூரிக்குப் போகிறாள்.

கல்வியிலும் மாறிய பக்கம் உண்டு. 1976-இல் 42-ஆவது திருத்தம் கல்வியை மாநிலப் பட்டியலிலிருந்து பொதுப் பட்டியலுக்குக் கொண்டுபோனது. 1984-இல் சுயநிதிப் பொறியியல் கல்லூரிகளுக்குக் கதவு திறந்தது. பின்னாளில் ஐந்நூறுக்கும் மேல் பெருகிய அந்தக் கல்லூரிகளில் கையெழுத்தான கல்விக்கடன் பத்திரங்கள் எத்தனையோ குடும்பங்களின் பெட்டிக்குள் இன்னும் இருக்கின்றன. 2024-25-இல் ஒருங்கிணைந்த பள்ளிக் கல்வித் திட்டத்துக்கு ஒன்றிய அரசு தர வேண்டிய 2,152 கோடி ரூபாய் வரவில்லை. பிஎம் ஸ்ரீ பள்ளித் திட்டத்தில் கையெழுத்துப் போடவில்லை என்பது காரணம். நிதியும் கல்வியும் ஒரே அமைச்சரிடம் இருந்த காலத்திலிருந்து, நிதி டெல்லியிலும் பள்ளி இங்கேயுமாக இருக்கும் காலத்துக்கு வந்துவிட்டோம்.

தொழிற்சாலைகளுக்கு வருவோம். அந்தக் காலத்தில் ஒரு பெரிய ஆலை வந்தால் அதோடு ஓர் ஊரும் வந்தது. பெரம்பூரில் 1955-இல் ரயில்பெட்டித் தொழிற்சாலை தொடங்கியபோது ஐ.சி.எஃப். காலனியும் எழுந்தது. நெய்வேலியில் நிலக்கரியோடு சேர்த்துத் தெருவும் பூங்காவும் பள்ளியும் மருத்துவமனையும் வட்டம் வட்டமாக அளந்து போடப்பட்டன. திருச்சி பெல் நிறுவனத்துக்குக் கைலாசபுரம் இருந்தது, ஆவடியில் டாங்கித் தொழிற்சாலைக் குடியிருப்பு இருந்தது. அந்தக் குடியிருப்புகளில் வளர்ந்தவர்களிடம் பேசிப் பாருங்கள். அப்பா ஷிப்டு முடிந்து சைக்கிளில் பத்து நிமிடத்தில் வீட்டுக்கு வந்துவிடுவார் என்பார்கள். பள்ளிக்கூடம் சங்கொலி கேட்கும் தூரத்தில் இருந்தது என்பார்கள். அந்த வீடுகள் சின்னவை, மழைக்கு ஒழுகியவையும் உண்டு. ஆனால் வேலை, வீடு, பள்ளி மூன்றும் ஒரே சுற்றுச்சுவருக்குள் இருந்தன. அந்தக் குழந்தைகள் பலர் மேலே போனதற்கு அந்தத் தூரக் குறைவும் ஒரு காரணம்.

இவை பொதுத்துறை ஆலைகள், பெரும்பாலும் ஒன்றிய அரசின் பணம் என்பது உண்மை. மாநிலம் தன் பங்குக்குக் கிண்டியில் 1958-இல் தொழிற்பேட்டை திறந்தது, பிறகு அம்பத்தூர். தொழிற்கூடம் கட்டி, மின்சாரம் இழுத்து, சிறு தொழில்முனைவோருக்கு வாடகைக்கு விட்டது. 1961-இல் வீட்டுவசதி வாரியம் வந்தது. அசோக் நகரும் கலைஞர் கருணாநிதி நகரும் கிண்டிக்குப் பக்கத்திலேயே வளர்ந்தன. லேத் பட்டறையில் வேலை செய்தவர் அவற்றில் எல்லாம் வீடு வாங்கிவிட்டார் என்று சொல்ல மாட்டேன். ஆனால் பட்டறைக்கும் குடியிருப்புக்கும் நடுவே ஒரு மாவட்டத் தூரம் இல்லை.

1990-களில் காட்சி மாறியது. 1995-இல் ஃபோர்டு, 1996-இல் ஹூண்டாய். மறைமலை நகரிலும் இருங்காட்டுக்கோட்டையிலும் கார் ஆலைகள் எழுந்தன. மகாராஷ்டிரமும் குஜராத்தும் கர்நாடகமும் அதே நிறுவனங்களை அழைத்துக்கொண்டிருந்த போட்டியில் தமிழ்நாடு ஜெயித்தது. துறைமுகம், உதிரிபாகத் தொழில், படித்த ஆட்கள் என்ற மூன்றும் அதற்குக் காரணம். நான்காவது காரணம் விற்பனை வரிச் சலுகை. மதுவிலக்குக்காகப் பிறந்த வரி இப்போது ஆலையை இழுக்கும் கயிறாகப் பயன்பட்டது. எந்த மாநிலம் அதிகமாக விட்டுக்கொடுக்கிறது என்ற ஏலம் கைமீறிப் போகவே, 2000 ஜனவரி முதல் அந்தச் சலுகையை நிறுத்திக்கொள்வதாக மாநிலங்கள் தங்களுக்குள் ஒப்புக்கொண்டன. ஆனாலும் வேறு பெயரில், வரியைத் திருப்பித் தருவதாக, அது தொடர்ந்தது.

அந்த ஒப்பந்தங்களில் நிலம் இருந்தது, தண்ணீர் இருந்தது, மின்சாரம் இருந்தது, வரிச் சலுகை இருந்தது. தொழிலாளி எங்கே தூங்குவான் என்ற வரி இல்லை. மாநில அரசின் தொழில் மேம்பாட்டு நிறுவனமான சிப்காட் ஏக்கர் ஏக்கராக நிலம் எடுத்தது. ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம், வல்லம் வடகால், பிள்ளைப்பாக்கம் என்று பூங்காக்கள் பெருகின. ஆலைக்கு ஆலை எல்லை போட்டுச் சாலை போட்டவர்கள், ஊருக்கென்று ஒரு துண்டு ஒதுக்கவில்லை. இதற்கு விதிவிலக்கு மறைமலை நகர். நெரிசலைக் குறைக்கும் துணைநகரம் என்று 1980-இல் சென்னைப் பெருநகர் வளர்ச்சிக் குழுமம் திட்டமிட்ட ஊர் அது. வேலை வருவதற்கு முன்பே வீட்டுமனை போட்ட அரிதான முயற்சி. அடுத்தடுத்து வந்த தொழிற்பேட்டைகளுக்கு அதை மாதிரியாக எடுத்துக்கொள்ளாமல் விட்டது பெரிய இழப்பு.

அதன் விளைவை விடியற்காலையில் ஸ்ரீபெரும்புதூரை அடுத்த சுங்குவார்சத்திரத்தில் நின்று பார்த்தால் தெரியும். வேலூர், திருவண்ணாமலை, விழுப்புரம் பக்கமிருந்து கம்பெனிப் பேருந்துகள் வரிசையாக வருகின்றன. உள்ளே இருப்பவர்கள் நடுராத்திரியிலேயே எழுந்து கிளம்பியவர்கள். போகவும் வரவுமாகப் பல மணி நேரம் சாலையிலேயே கழிகிறது. இங்கேயே தங்குபவர்கள் ஓர் அறையில் ஐந்தாறு பேராகப் பங்கு போட்டு வாடகை கொடுக்கிறார்கள். ஊர்க்காரர்கள் தங்கள் காலிமனையில் தகரக்கூரை போட்டு வரிசை அறை கட்டி வாடகைக்கு விட்டுத்தான் சர்வதேச நிறுவனங்களின் தொழிலாளர்களைக் குடிவைத்தார்கள். பீகாரிலிருந்தும் ஒடிசாவிலிருந்தும் வந்தவர்களின் நிலைமை இன்னும் மோசம்.

அது வெடித்தது 2021 டிசம்பரில். பூந்தமல்லிப் பக்கம் தனியார் விடுதி ஒன்றில் தங்கியிருந்த ஃபாக்ஸ்கான் பெண் தொழிலாளர்கள் கெட்டுப்போன உணவால் நூற்றுக்கணக்கில் நோய்வாய்ப்பட்டார்கள். சென்னை - பெங்களூர் நெடுஞ்சாலையில் ஆயிரக்கணக்கான பெண்கள் உட்கார்ந்தார்கள். உலகம் முழுக்கப் போகும் ஐபோன்கள் செய்யும் ஆலை சில வாரங்கள் மூடிக் கிடந்தது. சாலையில் உட்கார்ந்த பெண்கள் சம்பள உயர்வைக் கேட்டு வரவில்லை. நல்ல சோறும் படுக்க இடமும் கேட்டார்கள். பள்ளியில் சத்துணவு போட்டு வளர்த்த மாநிலம், அந்தப் பெண் வேலைக்குப் போனதும் அவள் சோற்றையும் கூரையையும் ஒப்பந்தக்காரரிடம் விட்டுவிட்டது.

இந்தியாவில் தொழிற்சாலை வேலை செய்யும் பெண்களில் 40 சதவீதத்துக்கு மேல் தமிழ்நாட்டில் இருக்கிறார்கள். 2023-24-இல் மின்னணுப் பொருள் ஏற்றுமதி 956 கோடி டாலர், அடுத்த ஆண்டு 1,465 கோடி டாலர், நாட்டிலேயே முதலிடம். முதலீட்டாளர் மாநாடுகளில் வரைபடங்கள் போட்டுக் காட்டும் இந்தப் போட்டித் திறன், அடிப்படையில் பன்னிரண்டாவது முடித்த ஒரு பெண் வீட்டைவிட்டு வெளியே வந்து வேலை செய்யத் துணிந்ததால் வந்தது. வேறு மாநிலம் நிலத்தை இன்னும் மலிவாகக் கொடுக்கலாம், மானியத்தைக் கூட்டலாம். அந்தப் பெண்ணை ஐந்தாண்டில் உருவாக்க முடியாது.

இங்கேதான் வரிக்குத் திரும்ப வேண்டியிருக்கிறது. ஸ்ரீபெரும்புதூரில் செய்த கார் லக்னோவில் விற்றால், முன்பு மத்திய விற்பனை வரி என்ற பெயரில் 4 சதவீதம் வரை தமிழ்நாட்டுக்கு வந்துகொண்டிருந்தது. 2007-இல் அது 3 ஆனது, 2008-இல் 2 ஆனது. 2017 ஜூலை 1-இல் ஜி.எஸ்.டி. வந்ததும் அதுவும் போனது. பொருள் எங்கே நுகரப்படுகிறதோ அந்த மாநிலத்துக்குத்தான் வரி. மதிப்புக்கூட்டு வரியிலேயே பெரும்பாலான மாநிலங்களைவிட ஒன்றே முக்கால் வருடம் தாமதமாக, 2007 ஜனவரியில்தான் சேர்ந்தது தமிழ்நாடு; ஜி.எஸ்.டி. திருத்தத்தின்போது அன்றைய ஆளுங்கட்சி மாநிலங்களவையில் வெளிநடப்பே செய்தது. அந்தத் தயக்கத்தில் நியாயம் இருந்தது. ஏற்றுமதியாகும் செல்பேசிக்கோ எந்த மாநிலத்துக்கும் வரி கிடையாது. ஐந்தாண்டு இழப்பீடு 2022 ஜூனோடு முடிந்தது. ஜி.எஸ்.டி. மன்றத்தில் ஒன்றிய அரசின் வாக்கு மூன்றில் ஒரு பங்கு, முடிவெடுக்க நான்கில் மூன்று பங்கு வேண்டும். தமிழ்நாடு மட்டும் நினைத்து ஒரு விகிதத்தையும் மாற்ற முடியாது. ஒன்றிய வரிப் பகிர்விலும் ஒன்பதாவது நிதிக்குழுவில் 7.931 சதவீதமாக இருந்த பங்கு பதினைந்தாவது நிதிக்குழுவில் 4.079 ஆகச் சுருங்கியது.

ஆக, ஆலையை இழுத்துவர மாநிலம் நிலமும் மானியமும் கொடுக்கிறது. அந்த ஆலையின் வாசலில் நின்று பழையபடி வரி வாங்க முடியாது. ஆலையில் வேலை செய்பவர் தன் சம்பளத்தை இங்கே செலவு செய்யும்போதுதான் மாநிலத்துக்கு வரி. அவர் வாங்கும் ஃபிரிட்ஜ், பிள்ளைக்கு எடுக்கும் துணி, சனிக்கிழமை குடும்பத்தோடு சாப்பிடும் பிரியாணி, ஒருநாள் கட்டும் வீட்டுக்கான சிமெண்ட், கம்பி எல்லாவற்றிலும் மாநிலப் பங்கு இருக்கிறது. தொழிலாளி இங்கே வேரூன்றிக் குடும்பம் நடத்தினால் கஜானாவும் வளரும். பத்துக்குப் பத்து அறையில் ஆறு பேராகப் படுத்து, இரண்டு வருடத்தில் ஓய்ந்து ஊருக்குத் திரும்பினால் வளராது. நுகர்வுக்கு வரி என்று ஆன பிறகு வீட்டுவசதிக்குச் செய்யும் செலவு வருமானத்தைப் பெருக்கும் முதலீடாகிவிடுகிறது. இதை இரக்கத்தின் கணக்கில் மட்டும் வைத்துப் பார்ப்பது இனியும் சரியில்லை. நிதித்துறை இந்தக் கணக்கைப் போட்டுப் பார்க்க வேண்டும் என்பது என் ஆசை.

வீட்டு விஷயத்தில் தமிழ்நாடு எதுவுமே செய்யவில்லை என்று யாரும் சொல்ல முடியாது. 1970-இல் கருணாநிதி குடிசை மாற்று வாரியத்தைத் தொடங்கியபோது அடிப்படை எண்ணமே, குடிசை இருந்த இடத்தில் கல் கட்டடம் என்பது. மீனவர் கடலோரத்திலேயே இருக்கட்டும், சுமை தூக்குபவர் சந்தைக்குப் பக்கத்திலேயே இருக்கட்டும். 1977-இல் உலக வங்கிக் கடனோடு இன்னொரு வழியையும் முயன்றார்கள். அரும்பாக்கம், வில்லிவாக்கம், கொடுங்கையூர், பிறகு முகப்பேர், மதுரவாயல் பக்கங்களில் வீட்டைக் கட்டித் தராமல், தெரு போட்டு, குடிநீரும் கழிவுநீரும் இணைத்து, மனையைத் தவணையில் கொடுத்தார்கள். ஏறத்தாழ ஒரு சென்ட் அளவே உள்ள மனைகளும் அவற்றில் உண்டு. பெரிய மனைகளைக் கூடுதல் விலைக்கு விற்று, சின்ன மனைகளின் விலையைத் தாங்கினார்கள். கையில் காசு வரும்போது ஓர் அறை, பிள்ளை பெரியவனானதும் மாடி என்று மக்கள் தாங்களே கட்டிக்கொண்டார்கள். அரை நூற்றாண்டாகச் சென்னை செய்ததில் இதற்கு இணையான வீட்டுவசதி வேலை வேறில்லை என்பது என் எண்ணம். இன்று முகப்பேரில் அந்தத் தெருக்களில் நடந்தால், இது ஏழைகளுக்காகப் போட்ட மனைப்பிரிவு என்று யாராலும் சொல்ல முடியாது.

2000-க்குப் பிறகு குடிசை மாற்று வாரியம் திசை மாறியது. கூவம், அடையாற்றங்கரைகளிலிருந்து அகற்றப்பட்டவர்களுக்குக் கண்ணகி நகரில் 15 ஆயிரத்துக்கும் மேற்பட்ட வீடுகள், பிறகு செம்மஞ்சேரி, பெரும்பாக்கம். 2015 வெள்ளத்துக்குப் பின் நடுக் கல்வியாண்டில் பெரும்பாக்கத்துக்குக் கொண்டுபோகப்பட்ட குடும்பங்களின் பிள்ளைகள் பள்ளியைவிட்டு நின்றார்கள். வீட்டு வேலை செய்த பெண்கள் இருபது கிலோமீட்டருக்கு அப்பால் வேலையை விட்டுவிட்டு வந்தார்கள். கையில் சாவி இருந்தது, வேலையும் பள்ளியும் பழைய இடத்தில் இருந்தன. குடிசை மாற்று வாரியம் 2021-இல் நகர்ப்புற வாழ்விட மேம்பாட்டு வாரியம் என்று பெயர் மாறியது, பழைய குடியிருப்புகளை இடித்து அதே இடத்தில் கட்டும் பணியும் நடக்கிறது. 1970-இன் எண்ணத்துக்கு அது கொஞ்சமாவது திரும்பி வந்திருக்கிறது.

சொந்தக் காசில் வீடு வாங்க நினைப்பவரின் பாடு தனி. வரி விதிக்க வேறு இடம் சுருங்கிப்போனதால் பத்திர அலுவலகம் முக்கியமான வசூல் இடமாகிவிட்டது. நிலம் வாங்கினால் முத்திரைத் தீர்வை 7 சதவீதம், பதிவுக் கட்டணம் 2 சதவீதம். 2017-இல் வழிகாட்டி மதிப்பை மூன்றில் ஒரு பங்கு குறைத்துவிட்டுப் பதிவுக் கட்டணத்தை 1-லிருந்து 4 சதவீதமாக உயர்த்தினார்கள். 2023-இல் மதிப்பைப் பழைய நிலைக்கு உயர்த்திக் கட்டணத்தை 2 ஆக்கினார்கள். முப்பது வயதில் கடன் வாங்கி முதல் மனை வாங்குபவர் பத்திரச் செலவுக்கு மட்டும் தனியாக நகையை அடகு வைக்கிறார். அதேசமயம் சென்னையில் சொத்து வரிக்கு 1998-க்குப் பிறகு 2022 வரை பொதுச் சீராய்வே நடக்கவில்லை. இருபத்து நான்கு ஆண்டுகளில் அண்ணா நகரிலும் பெசன்ட் நகரிலும் நிலத்தின் விலை எங்கேயோ போனது, அதை வைத்திருந்தவர் கட்டிய வரி நகரவில்லை. 2022 ஏப்ரலில் மொத்தமாக 50-லிருந்து 150 சதவீதம் வரை உயர்த்தியபோது எழுந்த கூக்குரல் நியாயம்தான், ஆனால் அவ்வளவு காலம் தள்ளிப்போட்டதன் விலை அது. வீடு வாங்குகிறவரிடம் ஒரே நாளில் கறப்பது, வைத்திருப்பவரிடம் வருடக்கணக்கில் கேட்காமல் விடுவது என்ற இந்த முறை இளையவர்களுக்கு அநீதி. முத்திரைத் தீர்வையைக் குறைத்து, சொத்து வரியை ஆண்டுதோறும் சிறிதாக உயர்த்துவதுதான் நேர்மையான வழி. 10 லட்ச ரூபாய்க்குள் பெண்கள் பெயரில் பதிவு செய்தால் பதிவுக் கட்டணம் 1 சதவீதம் குறைவு என்று 2025 ஏப்ரலில் வந்தது நல்ல தொடக்கம். ஸ்ரீபெரும்புதூர் பக்கம் 10 லட்சத்துக்கு எவ்வளவு நிலம் கிடைக்கும் என்பதையும் அரசு பார்க்க வேண்டும்.

2024 ஆகஸ்ட் 17 அன்று வல்லம் வடகாலில் சிப்காட் கட்டிய தொழிலாளர் குடியிருப்பை முதலமைச்சர் ஸ்டாலின் திறந்துவைத்தார். ஃபாக்ஸ்கான் தலைவர் யங் லியுவும் வந்திருந்தார். 706 கோடியே 50 லட்சம் ரூபாய் செலவு, 13 கட்டடங்கள், 18,720 படுக்கைகள். கைலாசபுரத்துக்கும் நெய்வேலிக்கும் பிறகு, ஆலைக்குப் பக்கத்திலேயே தொழிலாளிக்கு இடம் என்ற எண்ணம் அரை நூற்றாண்டு கழித்து இங்கே மறுபடி வந்திருக்கிறது. நகரங்களில் வேலைக்குப் போகும் பெண்களுக்கான தோழி விடுதிகளும் திறக்கின்றன. நெடுஞ்சாலையில் உட்கார்ந்த அந்தப் பெண்களின் வெற்றி என்று நான் இதைச் சொல்வேன். இதை மனமாரப் பாராட்ட வேண்டும், பெருக்க வேண்டும்.

ஆனால் அது அறைக்கு ஆறு பேர் தங்கும் விடுதி, அங்கே ஒரு பெண் தனியாளாக இருக்கும்வரைதான் இடம். இருபத்து நான்கு, இருபத்தைந்து வயதில் கல்யாணம் ஆனதும் அவள் படுக்கையைக் காலி செய்ய வேண்டும். கணவனோடு குடியிருக்க ஒரகடத்தில் ஒரு சின்ன வீட்டின் வாடகையும் அட்வான்ஸும் அவள் சம்பளத்துக்கு எட்டாது. எட்டினாலும், பிறக்கும் குழந்தைக்குப் பக்கத்தில் பள்ளி எங்கே, அவள் இரவு ஷிப்டு போனால் குழந்தையை யார் பார்ப்பது? அதனால் பெரும்பாலோர் வேலையை விட்டுவிடுகிறார்கள். ஐந்தாறு வருடம் பழகிய கையை ஆலை இழக்கிறது, அந்தக் குடும்பத்தின் இரண்டாவது சம்பளத்தை மாநிலம் இழக்கிறது.

சென்னைக்கு அருகே 2,000 ஏக்கரில் புதிய நகரம் ஒன்று அமைப்பதாக 2025-26 நிதிநிலை அறிக்கை சொன்னது. தகவல் தொழில்நுட்பப் பூங்கா, நிதி நிறுவனங்கள், பல்வகை வசதிகள் என்று பட்டியல் நீள்கிறது. அந்த வரைபடத்தில் ஒரு சென்ட் மனைகளுக்கும் அரசு வாடகை வீடுகளுக்கும் எத்தனை ஏக்கர் என்பதை நிலம் எடுக்கும் முன்பே எழுதி வைக்க வேண்டும். சிப்காட் இனி எடுக்கும் ஒவ்வொரு தொழிற்பூங்காவிலும் ஐந்தில் ஒரு பங்கு குடியிருப்புக்கு, நடக்கும் தூரத்தில் ஓர் அரசுப் பள்ளி, இரவு ஷிப்டுக்கும் திறந்திருக்கும் ஒரு குழந்தைகள் காப்பகம் என்று விதி செய்யலாம். முகப்பேரில் செய்ததுபோல் பெரிய மனைகளின் லாபத்தில் சின்ன மனைகளைத் தாங்கலாம். வீட்டுவசதி வாரியம் விற்பதற்கு மட்டும் கட்டாமல், மாத வாடகைக்குக் கட்டலாம். இதற்கெல்லாம் டெல்லியின் அனுமதி தேவையில்லை. நிலம் மாநிலப் பட்டியலில்தான் இருக்கிறது, சிப்காட் மாநிலத்தின் நிறுவனம்தான், வாரியமும் மாநிலத்தின் வாரியம்தான்.